ஜக்கெற் போர்த்திய வாளி

மூன்று நாளாக எண் மாறவில்லை. ஆயிரத்து இருபத்திரண்டு.

நான் முதல் தடவையாகப் போட்ட பியர், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பேஸ்மென்ற் குசினியில், ஒரு வெள்ளை வாளிக்குள் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து ஒரு குழாயில் விட்டுக் கண்ணாடி மிதவையைப் போட்டால், சீனி எவ்வளவு மிச்சம் என்று எண் காட்டும். புளிக்கவைக்கிற ஈஸ்ற் சீனியைத் தின்னத் தின்ன எண் இறங்கும். மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றால் போத்தலில் அடைக்கலாம் என்றது புத்தகம். ஆயிரத்துப் பன்னிரண்டுக்குக் கிட்ட வரும் என்றும் சொன்னது. என் கலவையில் ஏதோ பிழைத்திருக்கும் என்று அந்த வரியைத் தள்ளிவிட்டேன். மூடியிலிருந்த காற்றுக்குழாயிலும் குமிழி வருவது நின்றிருந்தது.

எனக்கு அவசரம். மனைவியின் தம்பி ஒஷாவாவில் வீடு வாங்கியிருந்தான். குடிபூரலுக்கு இன்னும் பதினாறு நாள். காலையில் பூசை, பின்னேரம் கராஜில் என் பியர் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். போத்தலுக்குள் அது பதினாலு நாள், முழுசாக இரண்டு கிழமை, இருக்கவேண்டும்.

“குமிழி நிண்டா முடிஞ்சுதுதானே, அத்தான்,” என்றான் அவன் போனில். “என்னத்துக்குக் காவல் இருக்கிறியள்? அது முட்டை போடப்போகுதே?”

வெள்ளிக்கிழமை போத்தல்களைக் கழுவி அடுக்கினேன். அடைக்கமுன் ஒரு கிளாஸில் கொஞ்சம் விட்டு மனைவியிடம் நீட்டினேன். அவள் பியர் குடிக்காதவள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

“உது இனிக்குதப்பா.”

“பியர் கொஞ்சம் இனிக்கும்.”

“அப்பத்துக்குக் கரைச்ச மா புளிச்சாப் பிறகு இனிக்குமே? குளிருக்க வைச்சா அதுவும் பொங்காமல் சும்மா கிடக்கும்.” வாளியில் கையை வைத்தாள். பிறகு மேலே இருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஜன்னலைத் திறந்தவன் நான். மீன் பொரித்தேன். மணம் பிடிக்காமல் இருக்க, குளிர்கால ஜக்கெற்றுகளை எல்லாம் மேல்மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் பொரித்தேன். ஜன்னலைத் திரும்ப ஒழுங்காகச் சாத்தவில்லை. ஒரு விரல் இடைவெளி. ஐந்து நாளாக பெப்ரவரிக் காற்று நேரே வாளியில் விழுந்திருக்கிறது.

எண் சரி. அதற்கு ‘முடிந்தது’ என்று நான் கொடுத்த தலைப்புத்தான் பிழை. ஈஸ்ற் வேலையை முடிக்கவில்லை, விறைத்துப்போய் அடியில் படுத்திருந்தது. அன்றைக்கு அடைத்திருந்தால் ஒஷாவா வீட்டின் சூட்டில் எழும்பி, மிச்சச் சீனியைத் தின்று, போத்தல்களை வெடிக்கவைத்திருக்கும்.

மேலே இருந்த ஜக்கெற்றுகளில் இரண்டை அவள் கொண்டுவந்தாள். வாளியை மெல்ல அசைத்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் நகர்த்தி, இரண்டையும் சுற்றி ஸிப்பை இழுத்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் உடுப்புத் தோய்க்கப் போனேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். காற்றுக்குழாய்த் தண்ணீரில் ஒரு குமிழி. மெஷினைப் போடாமல் நின்றேன். நாற்பது விநாடி கழித்து இன்னொன்று. பின்னேரம் பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாதவை, எத்தனை கோடியோ, ஒரு விரல் குளிருக்குப் படுத்து, இரண்டு ஜக்கெற்றுக்கு எழும்பியிருந்தன. நான் செய்ததெல்லாம் ஒரு ஸிப்பை இழுத்தது. என் பதினாறு நாள் அவற்றுக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்த என்னிடம் வழியும் இல்லை.

தம்பிக்குப் போன் எடுத்தேன். “குடிபூரலுக்குப் பியர் வராது.”

“நீங்கள் வருவியளோ?”

“வருவன்.”

எண் ஒன்பது நாளில் ஆயிரத்துப் பன்னிரண்டுக்கு இறங்கி, மூன்று நாள் அங்கேயே நின்றது. இந்தத் தடவை நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். இனிப்பில்லை. குடிபூரலுக்கு மூன்று நாள் இருக்க அடைத்தோம்.

ஒஷாவா கராஜில் எல்லோரும் கடையில் வாங்கிய பியர் குடித்தார்கள். தம்பி கிட்ட வந்து, வாளிக்குப் போர்த்தியிருந்த என் ஜக்கெற்றின் கொலரை மணந்து பார்த்தான்.

“பியரை விட்டிட்டு மணத்தை மட்டும் கொண்டந்திருக்கிறியள், அத்தான்.”

கொலரை நானும் மணந்து பார்த்தேன். மீன் மணம் இல்லை. ஈஸ்ற் போட்டுச் சுட்ட புதுப் பாண் மணம்.