நெட் போன பிறகும் ஓடிய லுவா

ஒரு சனிக்கிழமை காலையில் என் கல்லூரித் தோழி போன் செய்தாள். அவள் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன்.

"மேலே போட்ட பந்து எந்த நொடியில எவ்வளவு உயரத்துல இருக்கும்னு பொண்ணுங்களே புரோகிராம் எழுதிக் கண்டுபிடிக்கணும்டி. ஆனா லேப் பொறுப்பாளர் எதையும் இன்ஸ்டால் பண்ண விட மாட்டேங்கறார்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆளாளுக்கு எதையாவது ஏற்றி அந்தப் பழைய கணினிகள் படுத்துவிட்டால், எழுப்ப வேண்டியவர் அவர்தான்.

"பிரவுசர் திறக்குமா?" என்று கேட்டேன்.

"அது திறக்கும்."

"அப்ப போதும். இன்ஸ்டாலே வேண்டாம்."

லுவா என்று ஒரு சின்ன நிரல்மொழி உண்டு. நாம் எழுதும் வரிகளைப் படித்து உடனே செய்து காட்டும் அதன் இன்டர்பிரட்டர், போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சிறியது. அதை பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி ஒரு இணையப் பக்கத்துக்குள் வைத்தேன். எழுத ஒரு பெட்டி, 'ஓட்டு' என்று ஒரு பொத்தான், கீழே விடை. அவ்வளவுதான்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் தோழி சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, முடிவே இல்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை எழுதி ஓட்டினாள். பக்கம் உறைந்துவிட்டது.

"என்னடி, ஒண்ணுமே அசையல?"

பிரவுசருக்குள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு ஆள் மாதிரி; அந்த ஆளே எண்ணப் போய்விட்டால், பொத்தானை அழுத்தும்போது கவனிக்க யாரும் இல்லை. எனவே இன்டர்பிரட்டரைத் தனியாக ஓடும்படி பிரித்துவைத்து, 'நிறுத்து' என்று இன்னொரு பொத்தான் சேர்த்தேன். அதற்குள் அவள் அடுத்த குறையைக் கண்டுபிடித்திருந்தாள். தவறைச் சுட்டும் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன.

"பொண்ணுங்க மிரண்டுடுவாங்க. நம்ம பேசுற மாதிரி சொல்ல வையேன்."

மதியம் முழுக்க அதற்கே போனது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பேரும் சிரித்து முடிக்கவே நேரமானது. 'தொடங்கினதை முடிக்கலைங்க, ஒரு எண்ட் பாக்கி' என்பது, முடிவில் போட வேண்டிய 'end' என்ற சொல்லை மறந்தவர்களுக்காக அவள் எழுதியது.

வகுப்பன்று நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜீயபுரத்திலிருந்து வரும் ஒரு பெண்தான் முதலில் முடிவில்லாத புரோகிராமை எழுதினாள். அவள் 'நிறுத்து'வை அழுத்தினாள், நின்றது. அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே எல்லோரும் எழுதி நிறுத்திப் பார்த்தார்கள். பந்தை மறந்தே போனார்கள்.

பாதி வகுப்பில் பொறுப்பாளர் வாசலில் வந்து நின்றார். "மேடம், நெட் போயிடுச்சுங்க. இன்னிக்கு இவ்வளவுதான்."

யாரும் எழுந்திருக்கவில்லை. திரைகளில் விடைகள் வந்துகொண்டே இருந்தன. அவர் உள்ளே வந்து ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தார்.

"நெட் இல்லாம எப்படிங்க ஓடுது?"

"பக்கம் திறந்தப்பவே இன்டர்பிரட்டரும் கூடவே வந்துடுச்சு சார். இப்ப எல்லாக் கணக்கும் உங்க கம்ப்யூட்டர்லயேதான் நடக்குது" என்றேன்.

"இன்ஸ்டால் எதுவும் பண்ணலையே?"

"இல்லைங்க. பக்கத்தை மூடினா போயிடும்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நானும் ஒண்ணு எழுதிப் பார்க்கலாங்களா?" அடுத்த வாரம் அவரே அந்தப் பக்கத்தைக் கல்லூரியின் சொந்த சர்வரில் ஏற்றிவைத்தார். வெளி நெட் போனாலும் இனி வகுப்பு நிற்காது என்று தோழியிடம் பெருமையாகச் சொன்னாராம்.

ஜீயபுரத்துப் பெண்ணைப் பற்றி மாதக் கடைசியில் தோழி சொன்னாள். வயலின் நீளம், அகலம், கன்றுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி மூன்றையும் கொடுத்தால் எத்தனை வாழைக்கன்று தேவை என்று சொல்லும் புரோகிராமை, அதே பக்கத்தைப் போனில் திறந்து அவள் எழுதியிருக்கிறாள். அவள் அப்பா வரப்பில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூடுதலா வருதும்மா" என்றாராம். மோட்டார் கொட்டகை நிற்கும் இடத்தை அவள் கழிக்கவில்லை. அங்கேயே நின்று இன்னொரு வரி சேர்த்து, மறுபடி ஓட்டிக் காட்டியிருக்கிறாள்.