மாமி வழி தவறிய காலை

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தன் குடும்பத்துக்கென்று பதிவு செய்து வைத்திருந்த வீடு அது. கடைசி நேரத்தில் அவருடைய பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டதால் எங்களுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நுவரெலியாவையும் தாண்டி, காட்டுக்குள், மலைச்சரிவில், பலகையால் கட்டிய குட்டி வீடு என்று அப்பா சொன்னார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டைவிடக் குட்டியாக ஒரு வீடு இருக்க முடியும் என்று அண்ணாவும் நானும் நம்பவில்லை.

இருந்தது. அம்மா அடுப்பருகே போக வேண்டுமென்றால் அப்பா ஏணியில் இரண்டு படி ஏறி நிற்க வேண்டும். அந்த ஏணி ஒரு பரணுக்குப் போனது. பரணில் ஒரு மெத்தை, தலைமாட்டில் வீட்டின் பின்பக்கம் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான்.

நால்வருக்கான வீட்டில் நாங்கள் ஐவர். ஐந்தாமவர் மாமி, அப்பாவின் அக்கா. அண்ணா பிறந்தபோது ஒரு மாதம் உதவியாக நிற்போம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பிறகு நான் பிறந்தேன், அம்மா கொள்ளுப்பிட்டியில் வேலைக்குப் போனார், மாமி திரும்பிப் போகவேயில்லை. எல்லோரும் படுத்தபின் ஹோலில் பாயை விரிப்பார். எல்லோரும் எழும்புமுன் சுருட்டிவிடுவார். மரக்கறி வாங்கக் கடைத்தெருவான காலி வீதிக்குப் போவதென்றாலும் எங்களில் ஒருவர் அவருடன் போவோம்.

அங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட மனிதரை அப்பா ‘அய்யே’ என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் கதைத்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னார்: “காலமை பனிப்புகார் இறங்குமாம். பக்கத்திலை நிக்கிற ஆளே தெரியாதாம். சிறுத்தையும் திரியுமாம். ஒருத்தரும் தனிய வெளியிலை போகக் கூடாது.”

அப்பாவும் அம்மாவும் கீழே, அண்ணா தரையில், மாமியும் நானும் பரணில். மாமி ஏணியில் எப்படி ஏறப்போகிறார் என்று அம்மா கவலைப்பட்டார். மாமி அப்பாவின் கபில நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, என்னைவிட வேகமாக ஏறிவிட்டார்.

காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் மாமி இல்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை. உலகத்தையே யாரோ அழித்துவிட்டதுபோல இருந்தது.

கீழே அப்பாவின் குரல் கேட்டது. “அக்கா எங்கை?”

கதவு திறந்து கிடந்தது. மாமியின் செருப்பையும் காணவில்லை. அப்பா கட்டியிருந்த சாரத்தோடு வெளியே ஓடினார். அவரும் அந்த அய்யேயும் பாதை வழியே இறங்கிப் போக, “அக்கா! அக்கா!” என்ற சத்தம் மட்டும் புகாருக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டார். எனக்குச் சிறுத்தை நினைவுக்கு வந்தது. பயத்தில் மறுபடி பரணில் ஏறிப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. தலை தூக்கி ஜன்னலால் பார்த்தபோது புகார் விலகத் தொடங்கியிருந்தது. முதலில் மரங்கள் வந்தன, உச்சிவரை பச்சைப் பாசி போர்த்திய கிழட்டு மரங்கள். அவற்றுக்கிடையே வெயில் நீளமாக இறங்கியது. அந்த வெயிலில் மாமி நின்றார். அவருக்கு முன்னால் ஒரு மரை நின்றது.

மானைப் போலத்தான், ஆனால் மாட்டளவு பெரியது. கொம்புகள் காய்ந்த மரக்கிளைகள்போல விரிந்திருந்தன. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. மாமியின் வாயிலிருந்தும் பறந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. கத்தி அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. கோயிலில் திரை விலகும்போதுகூட நான் அப்படி மூச்சை அடக்கியதில்லை.

“அக்கா!” என்று கீழே தூரத்தில் அப்பா கூப்பிட்டார். மரை காதைத் திருப்பியது. மாமி திரும்பவில்லை. அப்பா இன்னொரு தரம் கூப்பிட்டார். மரை மெல்ல நடந்து மரங்களுக்குள் மறைந்தது. மாமி எங்கள் வீட்டை ஒரு முறை நேராகப் பார்த்தார். பிறகு விழுந்து கிடந்த ஒரு மரத்தில் போய் உட்கார்ந்தார். கால்களை நீட்டி, கைகளைப் பின்னால் ஊன்றி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல. மாமி சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததேயில்லை. அப்பா மூன்றாம் தரமும் கூப்பிட்ட பிறகுதான் எழும்பினார்.

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. “எங்கை போனனீங்கள்? எவ்வளவு பயந்து போனம் தெரியுமே?”

“வழி மாறிப் போட்டன் தம்பி,” என்றார் மாமி. “புகாருக்கை வீடு எங்கை எண்டே தெரியேல்லை.”

“இனித் தனியப் போகாதேங்கோ மச்சாள்,” என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமி தலையாட்டிவிட்டு, காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்தார். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

திரும்பி வரும்போது வாகனத்தில் மாமியின் காதருகே கேட்டேன். “மாமி, வீடு உங்களுக்கு முன்னாலைதானே இருந்தது?”

“ஓம் பிள்ளை, இருந்தது,” என்றார். பிறகு கொழும்பு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வெயிலில் இருந்த வீடு தெரியவில்லை என்றால், மாமிக்குக் கண் மங்குகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே அம்மா அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாமி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. டொக்டர் காட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை, அந்த மிகச் சின்ன வரிவரை, தடுமாறாமல் வாசித்தாராம்.

“கண்ணிலை ஒரு குறையும் இல்லையாம்,” என்று அம்மா வந்து சந்தோஷமாகச் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அது விளங்கவேயில்லை.