கிணற்றுக்கட்டில் நாலு ரவைகள்

நான் என் வாழ்நாளில் துவக்கு எதையும் தொட்டதில்லை. ஆனாலும் ஒரு சின்னப் பிஸ்டலைப் பற்றி இன்றைக்கு யாராவது கேட்டால் ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவேன். அதன் பிடியில் எத்தனை விரல் நிற்கும், வெடிக்கும்போது அது ஏன் மேலே துள்ளும், குண்டு நிரப்பும் மகசினை எப்படிக் கழற்றுவது எல்லாம் தெரியும். கிணற்றடியில் நின்று பத்து நிமிடத்தில் படித்தது. படிப்பித்தவர் அதற்காகப் பதினான்கு மாதம் மறியலில் கம்பிக்குப் பின்னால் கிடந்தார். நான் வீட்டில் கிடந்தேன்.

எங்கள் காணி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில். இருபத்தேழு வருசம் அதை இராணுவம் வைத்திருந்தது. அத்தனை வருசமும் நான் யாழ்ப்பாணப் பட்டினத்தோரம் கொழும்புத்துறையில் ஒரு வாடகை வீட்டில் இருந்து, மிசன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து, பென்சனும் எடுத்துவிட்டேன். கலியாணம் கட்டவில்லை. ஒருநாள் காணியை விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் ஒரு சுவர் நின்றது. கிணறு இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் உடைந்த ஓட்டுத் துண்டும் கல்லும் முள்ளுக்கம்பியும் நிரம்பிப் போயிருந்தது.

கிணற்றைத் துப்புரவாக்க நான் கூட்டிக்கொண்டு போனவர் கொழும்புத்துறையில் என் பின்வளவில் குடியிருந்தவர். நாற்பது வயதிருக்கும். மேசன் வேலை, கிணறு இறைக்கிற வேலை, எதுவும் செய்வார். அவருடைய மகள் பின்னேரங்களில் என்னிடம் கணக்குப் படிக்க வருவாள். நான் காசு வாங்குவதில்லை. அதனால் அவருக்கு என்னில் ஒரு மரியாதை, மரியாதை என்பதை விட ஒரு பாரம் என்று சொல்லலாம். நான் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. இதை அப்போதும் நான் அறிவேன். அறிந்துதான் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, சேற்றோடு ஒரு பிளாஸ்டிக் கான் வந்தது. வாய் வெட்டி, திரும்ப ரயர் ரியூப்பால் இறுக்கிக் கட்டிய கான். மேலே கயிறு பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய மச்சான் அதை வெட்டிப் பார்த்தான். பொலித்தீன், அதற்குள் துணி, துணிக்குள் கிறீஸ் பூசிய பிஸ்டல். மச்சான் அதைக் கிணற்றுக்கட்டில் வைத்தான். இவரைக் கிணற்றுக்குள்ளிருந்து தூக்கிவிட்டான், மோட்டார் சைக்கிளை எடுத்தான், போய்விட்டான். எங்கள் மூவருக்குள் புத்தியுள்ளவன் அவன் ஒருவன்தான்.

இவர் சேற்றோடு நின்று அந்தச் சாமானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், நான் உதைக் கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சிட்டு வாறன். கிட்டத்தானே கடல். ஏன் எங்களுக்குச் சோலி?"

"அதெப்படித் தம்பி? பொலிசுக்கு அறிவிக்கவேணும். அதுதானே முறை."

முறை! எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தவர். எங்கள் வீட்டில் பொய் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அந்த வளர்ப்பை வைத்துக்கொண்டு நாற்பது வருசம் பிள்ளைகளை வெருட்டினேன். ஊரில் இன்னும் எது முறை, எது முறையில்லை என்று ஒரு கோடு இருப்பதாகவும், அந்தக் கோட்டின் நல்ல பக்கத்தில் நான் நிற்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விதானையாருக்குப் போன் எடுத்தேன். அவர் ஊரின் கிராம சேவகர், என்னிடம் படித்தவர். "ரீச்சர், யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். அதைவிட வெளிப்படையாக அவர் எப்படிச் சொல்வார்? நான் யோசிக்கவில்லை. "யோசிக்க என்ன இருக்கு, நீர் அறிவியும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் தின்கிறது. பொலிஸ் வர நேரம் எடுக்கும். பிஸ்டல் கிணற்றுக்கட்டில் கிடந்தது. எனக்குப் பயம். "தம்பி, உது வெடிச்சுக் கிடிச்சுப் போகுமோ? ஒருக்காப் பாருமன்" என்றேன்.

அவர் தெருப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அதை எடுத்தார். எடுத்த விதத்திலேயே தெரிந்தது. வாயை மண்ணைப் பார்க்கத் திருப்பினார். சுட்டுவிரலை ரிகர் விசையில் வைக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைத்தார். பெருவிரலால் எதையோ அமத்த, மகசின் மற்றக் கைக்குள் விழுந்தது. மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே வெடிக்கிற ரவை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். மகசினில் இருந்த ரவைகளைப் பெருவிரலால் தள்ளி ஒவ்வொன்றாகக் கிணற்றுக்கட்டில் நிறுத்தினார். நாலு.

நான் பயத்தை மறந்துவிட்டேன். ஒரு பிள்ளை கரும்பலகையில் கணக்கைத் தடங்கலில்லாமல் செய்துகொண்டு போனால் எனக்குள் ஒரு சந்தோசம் வரும். அதே சந்தோசம் வந்தது. வெட்கமில்லாமல் கேள்வி கேட்டேன். ஏன் இவ்வளவு சின்னது?

"இடுப்பிலை வைக்கிறதுக்கு, ரீச்சர். சேட்டுக்குக் கீழை தெரியாது. ஆனா பிடி கட்டை. மூண்டு விரல்தான் நிக்கும், சுண்டுவிரல் கீழை தொங்கும். பாரமும் இல்லை. அதாலை வெடிக்கேக்கை மேலை துள்ளும். கிட்டத்திலை எண்டால் சரி, தூரத்துக்குச் சரிவராது."

"ஒவ்வொரு முறையும் இழுக்கவேணுமே?"

"இல்லை. முதல் தரம் மட்டும். பிறகு அதுவே அடுத்ததை ஏத்தும். ரிகரை மட்டும் ஒவ்வொருக்கா அமத்தவேணும்."

"எத்தினை ரவை பிடிக்கும்?"

"ஏழு."

நாலுதானே இருந்தது. மற்ற மூன்றும் எங்கே போயின என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவை போன வீடுகள் இந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கும்.

அவர் மேல்மூடியை முழுக்கக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ரீச்சர், இதுக்கை ஊசி உடைஞ்சு கிடக்கு. ரவையிலை அடிக்கிற ஊசி. இது வெடிக்காது. வெறும் இரும்பு. எறிவம்."

"அதைப் பொலிஸ் பாத்துச் சொல்லட்டும்" என்றேன்.

அப்போதுதான் அவர் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "நான் பதினெட்டு வயசிலை ஒரு வருசம் இயக்கத்திலை இருந்தனான், ரீச்சர். விட்டிட்டு ஓடி வந்திட்டன். சண்டை முடிஞ்சாப் பிறகு இயக்கத்திலை இருந்த ஆக்களைப் பதியச் சொல்லேக்கை நான் போய்ப் பதியேல்லை. மனிசிக்கு மட்டும்தான் தெரியும். நான் இப்ப போறன். நீங்கள் எடுத்ததெண்டு சொல்லுங்கோ."

நான் அவரைப் போக விடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தவர் அவர், சாட்சி அவர், சாட்சி ஓடினால்தான் சந்தேகம் வரும் என்று விளக்கம் வேறு சொன்னேன். "உண்மையைச் சொன்னால் என்ன பயம்? நான் இருக்கிறன்தானே" என்றேன். என்னிடம் படித்தவர்களில் எத்தனை சட்டத்தரணி, எத்தனை பெரிய உத்தியோகத்தர். ஒரு போன் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவர் பிஸ்டலைத் திரும்பப் பூட்டி, மகசினை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவர் நிழலில் குந்தினார். தன் மகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர் என்ற பாரம் அவரை அந்த நிழலில் இருத்தியது.

வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். கொஞ்சம் தமிழ் தெரியும், மிச்சத்தை ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் சொன்னார். அதிகாரி பிஸ்டலைக் கையில் எடுத்து ஆட்டிப் பாரம் பார்த்தார். மேல்மூடியை இழுத்துவிட்டு, இத்தனை வருசத்துக்குப் பிறகும் எவ்வளவு சுகமாக ஓடுகிறது என்று மெச்சினார். ஒரு கண்ணை மூடிப் பனையைக் குறிபார்த்தார். பிடி சின்னது என்று அவரும் சொன்னார். நான் தலையாட்டினேன், ஏதோ எனக்கும் அனுபவம் உள்ளதுபோல. பிறகு அவருடைய பார்வை கிணற்றுக்கட்டில் வரிசையாக நின்ற நாலு ரவைகளில் விழுந்தது.

"யார் கழட்டினது?" என்று கேட்டார்.

நான் என்று சொல்லியிருக்கலாம். மகசின் அப்படித் தனியாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஓடிப்போன மச்சானின் தலையில் கட்டியிருக்கலாம். இந்தக் கிழவி சொன்னதை அவர் நம்பாவிட்டாலும் எழுதிக்கொண்டாவது போயிருப்பார். நான் சொன்னேன்: "இவர்தான் சேர். எங்களுக்கு ஆபத்து வரக்கூடாதெண்டு நல்ல கவனமாக் கழட்டினவர்."

மெச்சினேன். அவரை மெச்சினேன், தேர்ச்சி அறிக்கையில் குறிப்பு எழுதுவதுபோல.

கான்ஸ்டபிள் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகத்தில் கோபம் ஒன்றும் வரவில்லை. "எங்க பழகினது?" என்று இவரைத்தான் கேட்டார். இவர் எழும்பி நின்றார். ஜீப்பில் ஏறும்போது என் பக்கம் திரும்பினார். "மகளிட்டைச் சொல்லிவிடுங்கோ ரீச்சர்" என்றார். என்ன சொல்வது என்று சொல்லவில்லை.

போன்கள் எடுத்தேன். "பாக்கிறம் ரீச்சர்" என்றார்கள். பார்த்தார்கள். விளக்கமறியலைத் தவணைக்குத் தவணை நீட்டினார்கள். நான் ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அவருடைய மனைவி முன்வரிசை வாங்கில் இருப்பார், ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் படிக்க வரவில்லை. நான் கொடுத்திருந்த கொம்பாஸ் பெட்டியைப் பேப்பரில் சுற்றி மதிலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஒரு நற்சான்றிதழ் எழுதிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மனைவி அதை வாங்கவில்லை. வாசலில் நின்றபடி சொன்னார்: "அவர் இவ்வளவு வருசமும் ஒளிச்சு வைச்சதை ரீச்சர் ஒரு நிமிசத்திலை சொல்லிப் போட்டியள். ஒரு பொய் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையே?"

வரவில்லைதான். இன்றைக்கு வாய் கிழியப் பொய் சொல்வேன், யாரும் கேட்கிறார்களில்லை.

பதினான்காம் மாதம் நிபுணர் அறிக்கை வந்தது. பிஸ்டலின் நீளம், நிறை, மகசினில் ஏழு ரவை, பிடி, ரிகர் எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில்: ஊசி உடைந்துள்ளது, ஆயுதம் இயங்கும் நிலையில் இல்லை. ஒரு மனிதர் கிணற்றடியில் வெயிலில் பிடித்துப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொன்னது. பின்வரிசை வாங்கில் இருந்து நான் விம்மி அழுதேன். யாரோ எனக்குத் தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள். அவரை விட்டுவிட்டார்கள்.

கிணற்றை வேறு யாரையும் தொட நான் விடவில்லை. அதே வளவில் ஒரு அறை போட்டுக்கொண்டு குடிவந்து, தண்ணீரைப் பவுசர் லொறியில் வாங்கிச் சீவித்தேன். ஒருநாள் காலை அவர் வந்து வாசல் படலையடியில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். மச்சானும் வந்திருந்தான்.

"அரைவாசியிலை விட்ட வேலை, ரீச்சர்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். மத்தியானம் வரை சேறு வந்தது. பிறகு வாளி நின்றது. மச்சான் கீழே எட்டிப் பார்த்தான், முகம் மாறியது, என்னைப் பார்க்காமல் நிமிர்ந்தான்.

"என்ன தம்பி?" என்று நான் கட்டருகே போனேன்.

"ஒண்டும் இல்லை ரீச்சர்" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சநேரம் கழித்து: "உள்ளுக்குப் போய் எங்களுக்கு ஒரு தேத்தண்ணி போடுங்கோவன்."

இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் தேத்தண்ணி கேட்டதில்லை. நான் உள்ளே போனேன். கேத்திலை அடுப்பில் வைத்தேன். கிணற்றடியைப் பார்க்கிற யன்னல் திறந்து கிடந்தது, அதைச் சாத்தினேன். தண்ணீர் கொதித்து வற்றும்வரை நின்றுவிட்டு, கடலுக்குப் போய்வர நேரம் எடுக்கும் என்று இன்னொரு கேத்தில் தண்ணீர் வைத்தேன்.