எதிரொலி இல்லாத அறை

ஒரகடத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் எதிரொலி இல்லாத அறை ஒன்று உண்டு. சுவர், கூரை, கதவின் உட்பக்கம் எல்லாம் கூர்கூராகக் கறுப்பு நுரைப்பஞ்சு. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை எதிலும் பட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. பேச்சையும் அது விழுங்கிவிடும். எனக்கு அந்த அறையைக் கண்டாலே ஆகாது. தனியாக உள்ளே போனால் எதையாவது முணுமுணுத்துக்கொண்டுதான் போவேன். வாயைத் தாண்டியதும் குரல் செத்துப்போகும்.

அன்று ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள். இரண்டு வருடம் தலையால் தண்ணி குடித்து நான் வடிவமைத்த மில்லிமீட்டர் அலை ஆன்டெனா உள்ளே சுழல்மேடையில் இருந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனால் அகன்ற அலைவரிசை முழுக்கக் கொஞ்சமும் சிதறாமல் ஒரே திசையில் குவித்து அனுப்ப வேண்டும். ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குச் சுத்தமான வரைபடம் போகாவிட்டால் வேறு குழுவின் வடிவத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நான்கு நாள் எல்லாமே பூட்டு.

பூஜைக்காகக் கூட்டிப் பெருக்கியவர்கள் அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாப்பிட்டு வந்தவன் திட்டிக்கொண்டே சாத்தி, வெளித்தாழைத் திருகி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே திரைமுன் அளக்க உட்கார்ந்தேன்.

நேராகப் போக வேண்டிய கோடு மெல்ல ஏறி இறங்கியது. வெளியே இருந்த கேபிளை மாற்றினேன். சுழல்மேடையை நிறுத்தினேன். அப்போதும் ஏறி இறங்கியது. நான்கு நொடிக்கு ஒருமுறை, நிதானமாக. இந்த அலைக்கு மயிரிழை அசைவும் தெரியும். காற்றுகூட ஆடாத அறையில் எது அசைகிறது? திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் மூச்சும் அந்தக் கோட்டோடு சேர்ந்துகொண்டது. அதை உணர்ந்ததும் பிடரி சில்லிட்டது.

கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். பயம். பயத்தைவிடப் பெரிதாக ஐந்து மணி.

இதற்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் நிலையாக நிற்பது மட்டும் மிஞ்சும், ஆடுவது அழிந்துபோகும். பொத்தானை அழுத்தினேன். பாதியில் கோடு வெறிபிடித்ததுபோல் துடிக்க ஆரம்பித்தது. சனியன் பிடித்த கேபிள் என்று சபித்துவிட்டு நூறை முந்நூறாக்கினேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு அடங்கியது. நல்லவேளை என்று பெருமூச்சு விட்டேன். சராசரி வரைபடம் அவ்வளவு அழகாக வந்தது. அனுப்பினேன். 'அருமை' என்று பதிலும் வந்தது.

சந்தனக் கிண்ணத்தோடு எங்கள் சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னா சார், எல்லா மெசினுக்கும் பொட்டு வெச்சாச்சு. உங்க ஐட்டத்தயும் எடுத்தாந்து சாமி படத்தாண்ட வைங்க. பஸ்ஸு கெளம்பிடும்."

ஈரச் சந்தனம் பட்டால் ஆன்டெனா கெட்டுப்போகும். உறை போட்டுத் தருகிறேன் என்று சலித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். அந்தப் பொட்டு இல்லையென்றால், விடுமுறை முடியும்வரை ஆன்டெனாவை மேடையிலேயே விட்டுவிட்டு குன்றத்தூர் பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

கதவடியில் ஒரு பெண் சாய்ந்து கிடந்தாள். காலையில் துடைப்பத்தோடு பார்த்தவள்தான். பென்னலூரில் விடுதியில் தங்கி வேலைக்கு வரும் தென்மாவட்டத்துப் பெண். ராத்திரி ஷிப்ட் முடித்து ஓ.டி.க்கு நின்றவள், பஞ்சுத் தடுப்புக்குப் பின்னால் பெருக்கப் போய் அங்கேயே தூங்கிவிட்டிருக்கிறாள். நகக்கண்ணெல்லாம் கறுப்புப் பஞ்சு. கதவின் உட்பக்கத்தில் கையெட்டும் உயரம்வரை நுரை பிய்ந்திருந்தது. சூப்பர்வைசர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"கண்ணு அசந்துட்டு சார். முழிச்சுப் பாத்தா ஒரே இருட்டு. எவ்வளவு நேரம் தட்டுனேன், கத்துனேன். ஒங்களுக்குக் கேக்கவே இல்லியா?"

"கேக்கலம்மா," என்றேன்.

அது உண்மைதான். அவள் தட்டியதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.