பயன்பாடு: அலுவலக வேலை

பல்லு சாரை நான் ஏமாற்றினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் பல்லு சார்தான். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, அதில் பிளாஸ்டர் வார்த்துப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் இருபத்தாறு வருடமாக வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பார். மயிரிழை உரசினாலும் கழற்றிவிட்டு மறுபடி நடுவார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர் பல்லை மட்டும் யாரும் பார்த்ததில்லை என்று லேப் முதலாளி கிண்டல் செய்வார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மனைவி மகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தப்பு யார் பக்கம் என்று பல்லு சாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மகளோடு போனில் பேசுவார். "சாப்பிட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." "சரி, வச்சிடட்டுமா?" "ம்." கடைசி 'ம்' மட்டும் சட்டென்று வருமாம். அதை அவரே சொன்னார்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஒருநாள் அவளாகவே கூப்பிட்டாள். "அப்பா, எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது. நீங்க வர்றீங்களா?"

நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கிற ஆன்லைன் விளையாட்டு. அவளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் போக நாலாவது ஆள் வேண்டும். சீட்டுக்கட்டைக்கூடத் தொட்டறியாத ஐம்பது வயது மனிதர், லேபில் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தார். பல் நடுகிற விரல்கள் சீக்கிரமே பழகிவிட்டன. சனிக்கிழமை மதியம் நாலிலிருந்து ஐந்து வரை. அந்த ஒரு மணி நேரத்தில், "அப்பா, இடது பக்கம் வர்றான்! அடிங்க! சூப்பர்ப்பா!" என்று மகள் அவரை நாற்பது தடவை அப்பா என்று கூப்பிடுவாள். எண்ணியிருக்கிறார். வாரத்தின் மற்ற நாட்களை அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தள்ளினார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. பிறகு வீடு மாறினார். புது வீட்டில் இணைப்பு கிடையாது. இன்டர்நெட் கம்பெனி ஷோரூமில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்தார். துணைக்கு லேப் முதலாளியும் வந்திருந்தார். பல்லு சாரை எனக்குத் தெரியும் என்பதால் நல்லதாகப் பார்த்துக் கொடுப்பேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் வினையாகப் போயிற்று.

படிவத்தில் 'பயன்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. "எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

பல்லு சார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரில் தொங்கிய விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபீஸ் வேலைக்கு," என்றார் பல்லு சார்.

"யோவ், பிளாஸ்டரை இன்டர்நெட்லயா குழைக்கப்போற?" என்று முதலாளி சிரித்தார்.

"டிசைன் எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதானே முதலாளி." காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. இந்த வயதில் விளையாட்டுக்கு என்று முதலாளி முன்னால் எப்படிச் சொல்வார்? நானும் அப்படியே எழுதினேன்: அலுவலக வேலை.

கையெழுத்துப் போடும் முன் குனிந்து, மெதுவாக ஒன்று கேட்டார். "தம்பி, இதுல அமுக்கினா உடனே பதில் வருமா?"

அலுவலக வேலைக்கு இணைப்பு வாங்குகிறவர் யாரும் அப்படிக் கேட்கமாட்டார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்தும், "பறக்கும் சார். ஐந்நூறு ஸ்பீடு!" என்றேன்.

இந்த ஐந்நூறு என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்ற கணக்கு. படம் பார்க்க, பெரிய ஃபைல் அனுப்ப அது சரி. விளையாட்டுக்கு வேண்டியது வேறு. பட்டனை அமுக்கினால் அந்தச் சேதி போய்ப் பதில் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே சீராக வருகிறதா என்பதுதான் அங்கே பேச்சு. அதைத்தான் பிங் என்கிறார்கள். கேபிள் இழுத்தால் ஸ்பீடு நூறுதான், ஆனால் பதில் சொடக்குப் போடுவதற்குள் வந்துவிடும். டவரிலிருந்து காற்றில் பிடிக்கிற பெட்டியில் ஐந்நூறு கிடைக்கும், பதில் மட்டும் தன் இஷ்டத்துக்கு வரும். தெருவில் எல்லாரும் போனை எடுத்தால் இன்னும் மோசம். விளையாடுகிறவருக்கு நூறு ஸ்பீடு கேபிள் போதும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். அன்றைக்கு நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மாத டார்கெட்டுக்கு இரண்டு பெட்டி குறைந்தது. பல்லு சார் தலையில் ஒன்றைக் கட்டினேன். இருபத்துநாலு மாத ஒப்பந்தம்; நடுவில் விட்டாலும் முழுக்காசும் கட்ட வேண்டும்.

முதல் சனிக்கிழமையே சாயம் வெளுத்துவிட்டது. எதிரி வாளை ஓங்குவது தெரிந்து இவர் கேடயத்தைத் தூக்கினால், தூக்கும் முன்பே செத்துக் கிடப்பார். ஓடினால் ஓடாமல் நின்று, திடீரென்று பத்தடி தள்ளிப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார். தோழிகள் அவருக்கு ஸ்லோமோஷன் அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். மகளும் முதல் வாரம் சேர்ந்து சிரித்தாள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம், "அப்பா, இந்த வாரம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி வர்றா. நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா," என்றாள்.

திங்கட்கிழமை ஷோரூம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டா தம்பி," என்றார்.

மேனேஜரிடம் அழைத்துப் போனேன். மேனேஜர் ஒப்பந்தத்தை விரித்து ஒரு வரியை விரலால் தட்டினார். சொன்ன பயன்பாட்டுக்கு இணைப்பு உதவவில்லை என்றால் பெட்டியைத் திருப்பித் தரலாம், கேபிளுக்கும் மாறிக்கொள்ளலாம். "நீங்க என்ன சொல்லியிருக்கீங்க? அலுவலக வேலை. மெயில் போகுதா?"

"போகுது."

"ஃபைல் போகுதா?"

"போகுது சார். ஆனா நான் சொன்னது பொய். விளையாடத்தான் வாங்கினேன். என் பொண்ணோட விளையாட."

"நீங்க பொய் சொன்னதுக்கு கம்பெனி என்ன பண்ணும், சொல்லுங்க? எங்க ஆளு தெரிஞ்சே கொடுத்திருந்தா வேற விஷயம்." மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

தெரிந்தே தவறான பெட்டியை விற்றவனுக்கு எங்கள் கம்பெனியில் மறுநாள் நாற்காலி இருக்காது. எனக்கு முன்னால் அந்தக் கவுண்ட்டரில் இருந்தவன் அப்படித்தான் போனான். "தெரியாது சார்," என்றேன். பல்லு சார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேரில் போய்ச் சோதித்து அறிக்கை எழுதி வா என்றார் மேனேஜர். சனிக்கிழமை மூன்றரைக்குப் போனேன். ஒற்றை அறை. ஜன்னல் கம்பியில், நான் விற்ற பெட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். டவர் இருக்கும் திசையாம். அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயரைச் செருகினேன், எல்லா அமைப்பையும் ஒரு கை பார்த்தேன். அடிக்கடி நின்றுபோவது குறைந்தது. ஆனால் நாலு மணி நெருங்க நெருங்க, தெரு முழுக்கப் போனை எடுத்துவிட்டது போல. பதில் மறுபடி தள்ளாட ஆரம்பித்தது.

"போதும் தம்பி. உட்காருங்க. எனக்கு இப்ப வேற டியூட்டி," என்றார்.

ஹெட்ஃபோனைப் போடாமல் ஸ்பீக்கரில் விட்டார். அந்தக் கிளாஸ் பொண்ணு நிலைக்கவில்லையாம். மகளே மறுபடி கூப்பிட்டு, அவருக்கென்று ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறாள். கோட்டைக்கு ஒரு பின்வாசல். அங்கே உள்ள நெம்புகோலை ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கதவு திறந்திருக்கும். விட்டால் மூடிவிடும், வெளியே போனவர்கள் திரும்பி வர முடியாது. வேகம் வேண்டாம், குறி வேண்டாம். ஒரு விசையை அமுக்கிக்கொண்டு நின்றால் போதும்.

"அப்பா, நகராதீங்க. கதவு உங்க பொறுப்பு," என்றது அவள் குரல்.

"நகரமாட்டேன்மா."

அவருடைய திரையில் ஒரு கல் சுவர் மட்டும் தெரிந்தது. சண்டை எங்கேயோ நடந்தது. மூன்று பெண்கள் கத்துவதும் சிரிப்பதும் கேட்டன. யாரும் அப்பா என்று கூப்பிடவில்லை. பல்லு சார் வலது கை விரலால் விசையை அமுக்கியபடி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது.

ஒரு தடவை அவள் ஓடி வந்தாள். அவர் முகம் மலர்ந்து, "வா வா" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவர் பல்லை முதல்முறையாகப் பார்த்தேன். அவர் திரையில் அவள் கதவருகில் வந்து நின்றபோது, "நான் மேல ஏறிட்டேன்!" என்று அவள் குரல் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. சட்டென்று உருவம் மறைந்தது. மறுபடி சுவர்.

"இன்னும் இருபத்திமூணு மாசம் தம்பி," என்றார், என்னைப் பார்க்காமல். "அதுக்குள்ள அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிடும். அப்ப நல்ல கனெக்‌ஷன் வந்து என்ன பண்றது? விளையாட அவ இருக்கணும்ல."

மடியில் அறிக்கைப் படிவம் இருந்தது. பயன்பாடு என்ற கட்டத்தில், 'மகளோடு விளையாட. விற்கும்போதே எனக்குத் தெரியும்' என்று எழுதினால் அடுத்த சனிக்கிழமைக்குள் அவர் வீட்டுக்குக் கேபிள் வந்துவிடும். பேனாவைத் திறந்தேன். என் வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்து நாலு பேர். அதை எழுதவில்லை. அலுவலக வேலை. குறை ஏதும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதியது அதுதான்.

"ஒரு கையெழுத்து சார்."

அவர் படித்தார். முழுதும் படித்தார். விசையிலிருந்து வலது கையை எடுக்க முடியாது. எடுத்தால் கதவு மூடிவிடும். இடது கையால் பேனாவை வாங்கி, குழந்தை கிறுக்குவது போலப் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"அப்பா, இருக்கீங்களா?" என்றது ஸ்பீக்கர்.

"இருக்கேன்மா."

அவர் குரல் அங்கே போய்ச் சேரவில்லை. "அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா, இங்கதான் இருக்கேன்," என்றார் இன்னும் சத்தமாக.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். தெருவுக்கு வந்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.