கிளாவ்தியா போடாத கூட்டல் குறி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வேன். சூத்திரங்களுக்கு நான் விட்ட வெற்றிடங்களைப் பக்கத்து மேசை கிளாவ்தியா யெகோரோவ்னா கருப்பு மையால் நிரப்புவாள். 1985இல் மாஸ்கோ பக்கம் எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கை ஒரு குறியைத் தவறவிட்டதில்லை. கணவன் போனான், பல் போனது, அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. விஞ்ஞானிகள் தூக்கக் கலக்கத்தில் விடும் சின்னப் பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தியும் விடுவாள். நன்றி சொன்ன மகராசன் எவனுமில்லை.

அந்த விஞ்ஞானிகளில் ஆர்கடி ல்வோவிச் மட்டும் ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்கு வந்து, முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட பிரோக் ரொட்டியை ஒரு கை பார்ப்பார். அந்தப் பிப்ரவரியில் அவர் பென்சிலில் எழுதிக் கொண்டுவந்த கட்டுரையின் சாரம் இது: பிரபஞ்சம் பிறந்த புதிதில் காலம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது பிறகு சுருண்டு ஒளிந்துகொண்டதாம். அப்போது முன்பு, பின்பு என்பதே கிடையாதாம். சுற்றிக்கொண்டு நேற்றைக்கே போய்விடலாமாம்.

இரண்டாம் பக்கத்தில் கிளாவ்தியாவின் பேனா நின்றது.

"ஆர்கடி ல்வோவிச், இந்த வரி லெனின்கிராட்காரங்க கட்டுரையில இருந்து எடுத்ததுதானே? போன வருஷம் அது இங்க வந்தப்ப நான்தான் அதுக்கு மை போட்டேன். அவங்க காலத்துக்குக் கழித்தல் போடுவாங்க, இடத்துக்குக் கூட்டல். நம்ம வழக்கம் தலைகீழ். அப்படியே தூக்கி வச்சா அவங்க இடம் இங்க காலமா மாறிடும்."

"கிளாவா, நீ வரை. யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை வெங்காயம் கொஞ்சம் தூக்கலா போடு."

அவர் எழுதியிருந்தபடியே வரைந்தாள். அந்தத் தாளைப் பார்த்தே அவர் மீதிக் கணக்கையும் போட்டு முடித்தார்.

செவ்வாய்க்கிழமைக் கருத்தரங்கில் பேசுகிறவரைப் பத்தாவது நிமிடத்தில் குதறுவதுதான் எங்கள் ஊர் மரியாதை. மூத்த பேராசிரியை ஒல்கா மத்வேயெவ்னா உட்கார்ந்தபடியே கேட்டார்: "உங்க ரெண்டாவது காலம் எங்கேருந்து வந்துச்சு? குறியை மாத்தாம காப்பி அடிச்சீங்களா?"

ஆர்கடியின் காது சிவந்தது. பிறகு கடைசி வரிசையில் இருந்த எங்களை நோக்கிக் கை நீட்டினார். "கிளாவா மை போட்டப்ப குறி மாறிடுச்சு. அதைப் பார்த்தே மிச்சத்தைப் போட்டுட்டேன். வயசாகுது, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். கிளாவ்தியா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உட்காரு. பென்சில் தாள் அவர்கிட்டதான் இருக்கு. எதைக் காட்டுவ?"

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றால் இதுதான்.

கோட்டு மாட்டும் அறையில் கிளாவ்தியா முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். "நான் சொன்னேன்டி. சொல்லியும் என் கை மேல பழியைப் போட்டுட்டாரே!" அன்றிலிருந்து மாடிப்படியில் போகிறவன்கூட, "கிளாவா, இது கூட்டலா, கழித்தலா?" என்று சீண்டினான்.

ஏப்ரலில் ஆர்கடி அடுத்த கட்டுரையோடு வந்தார். கையில் ஒரு சாக்லேட். "இன்னும் கோவமா? அங்க எனக்கு வேற வழியில்ல, கிளாவா."

"பென்சில் வேணாம். மையில எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அந்தத் தாள் என்கிட்டயே இருக்கும்."

சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

அவர் எழுதிய மூன்றாம் பக்கத்தில் பிழை எனக்கே தெரிந்தது. மேல் வரியில் இருந்த கழித்தல் கீழ் வரியில் இல்லை.

"கிளாவா, ஒரு குறி விட்டுப்போயிருக்கு."

"தெரியும்" என்றாள். அவர் எழுதியபடியே, ஒரு புள்ளி கூடாமல் குறையாமல், அழகாக வரைந்து முடித்தாள். மை காயும்வரை ஊதினாள்.