மாரா மரத்துக்காக ஒரு பொன்னாடை

விருது கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்ன நேரம், அந்த விருதுக்குக் காரணமான மரத்தை வெட்டச் சம்மதிக்கும்படி பக்கத்து வீட்டு ராத்தா என் குசினியில், அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விருது எனக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான். சுற்றாடலைக் காத்த தொண்டர்களைக் கௌரவிக்கப் போகிறார்களாம், இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டுமாம். நான் நன்றி சொன்னேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் நன்றி சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கும் வாய் எனக்கு.

"யாரு போன்ல?" என்றார் ராத்தா.

"நமக்கு விருதாம், ராத்தா. மரத்தைக் காப்பாத்தினதுக்கு."

ராத்தா பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இந்த மரத்தையா?"

இந்த மரத்தைத்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மேலே ஏறும் பாதையில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே மதிலைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. பின்னால் செங்குத்தான மேடு. அதன் விளிம்பில், ராத்தாவின் குசினிக்கு நேர் மேலே அந்த மாரா மரம். என் வீடு சற்றுத் தள்ளி இருந்தாலும் மாலையில் அதன் நிழல் என் முற்றம்வரை வரும். கணவர் காலமாகி, மகளும் கல்யாணம் கட்டி நாவலப்பிட்டிக்குப் போன பிறகு, பார்மசியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அந்த நிழலில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவதுதான் எனக்கு இருந்த ஒரே சொகுசு.

சில வருடங்களுக்கு முன் மேலே உள்ள பாதையை அகலப்படுத்த மரத்தை வெட்ட வந்தார்கள். முதலில் எதிர்த்தது ராத்தாதான், நான் பின்னால்தான் போனேன். மரம் போனால் குசினி அடுப்பாகிவிடும் என்று தொடங்கி, வந்தவர்களின் பரம்பரைவரை போய்விட்டார். ராத்தாவை அக்கா முறையில் ராத்தா என்பதுபோல, அவருடைய கணவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்; அவரோ வெட்ட வந்தவர்களுக்கே இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தோம். பாதை மரத்தை விட்டு அந்தப் பக்கமாக வளைந்து போனது. பத்திரிகையில் படம் வந்தது. அதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், பாதையில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதையோரத்துக் கழிவுநீர்க் கான் துப்புரவாக்கினோம், ஆற்றங்கரையில் குப்பை கொட்டியவர்களோடு சண்டை போட்டோம். ஒருநாள் பார்த்தால் எங்களைத் தலைவிகள் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

பிறகுதான் அந்தப் பெருமழை வந்தது. கண்டியைச் சுற்றிலும் மலை மலையாகச் சரிந்தது. எங்கள் மேடு சரியவில்லை, ஆனால் ராத்தாவின் குசினிச் சுவரில் வெடிப்பு விட்டது. மரமும் முன்பைவிடச் சாய்ந்திருக்கிறது என்றார் ராத்தா. எப்போதும் அப்படித்தான் நின்றது என்றார் நானா. நானும் பலமுறை நின்று பார்த்தேன். ராத்தா பக்கத்தில் நின்றால் சாய்ந்தது போலவும், நானா பக்கத்தில் நின்றால் நேராகவும் தெரிந்தது.

தங்கள் மகள் வீட்டுக்குப் பிலிமத்தலாவைக்குப் போகலாம் என்று ராத்தா கெஞ்சியும் நானா அசையவில்லை. தான் கட்டின வீடு தன்னை ஒன்றும் செய்யாது என்பது அவருடைய கட்சி. அவரை விட்டுவிட்டு ராத்தாவும் போகமாட்டார். மழை பிடித்தால் நானா குறட்டை விடுவார். ராத்தா மண் அசையும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் கண் சிவந்து மதிலடியில் நிற்பார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். முதலில் வந்த அம்மா, இந்த வேர்கள்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன, மரத்தைத் தொட்டீர்களோ மேடு கீழே வந்துவிடும் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. இரண்டாவதாக வந்தவர் அதே வேரைக் காட்டி, இவ்வளவு பாரத்தை ஈரமண் எப்படித் தாங்கும், மரம் இழுத்தால் மேடும் சேர்ந்து வரும் என்றார். எனக்கு அதுவும் சரியாகப் பட்டது. மரம் மண்ணைப் பிடித்திருக்கிறதா, மண் மரத்தைப் பிடித்திருக்கிறதா என்று படித்தவர்களுக்கே தெரியாவிட்டால் பார்மசியில் பனடோல் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் முடிவு என் தலையில்தான் வந்து விழுந்தது. பழைய ஆட்சேபணையில் இரண்டு பேருடைய பெயரும் இருந்ததால், இரண்டு பேரும் வந்து வாபஸ் வாங்கினால் வெட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். ராத்தா வாங்கிவிட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

விழா கண்டி டவுனில், ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. ராத்தா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நல்ல சேலையும் புது முந்தானைக் குத்தூசியுமாக எனக்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் நின்றார். "பெரியவர் வாராராம். நேர்ல பேசினா காரியம் நடக்கும்" என்றார்.

மேடையில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மரங்களின் தாய்மார் என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்துப் பேசினார். "நான் பெத்ததுகள வளத்தெடுத்ததே பெரும்பாடு" என்று ராத்தா என் காதில் முணுமுணுக்க, எனக்குச் சிரிப்பு வந்து, பொன்னாடையால் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு அறிவிப்பு வந்தது. எங்கள் இருவரின் பெயரும் போட்டு, பாதுகாக்கப்பட்ட மரம் என்று அந்த மாராவில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. ராத்தாவும் தட்டினார். மேடையில் நிற்கிறவர் வேறு என்ன செய்வார்? ஆனால் அவருடைய முகம் வெளிறிவிட்டது. பலகை வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த மரத்தில் ஒரு கொப்பைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

தேநீர் நேரத்தில் ராத்தா, பிரதம விருந்தினராக வந்திருந்த அந்தப் பெரியவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் வெடித்ததையும் நானா நகராததையும் தன் சிங்களத்தில் சொல்லி, மரத்தை வெட்டித் தாருங்கள் என்று கேட்டார். அவர் கையில் பாதி கடித்த பெட்டிஸை வைத்துக்கொண்டு சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். ராத்தா சிரிக்காததைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். சுற்றியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ராத்தாவும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது, சேர்" என்றேன்.

அப்படியானால் அவசரப்பட வேண்டாம் என்று அவர் நிம்மதியாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆற்றோரமாகப் பஸ் ஊர்ந்தது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, என் மேல் வெட்கமும் வந்தது, எது முந்தி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"தெரியாததத் தெரியாதுன்னுதானே சொன்னேன், ராத்தா. பொய்யா சொல்றது?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" அவர் திரும்பவில்லை. "மரத்தப் பத்தி எனக்கும் ஒண்டும் தெரியாது. எனக்குப் பயம் ஈக்கி. அத நீ அவர்கிட்ட செல்லீக்கலாமே."

"வெட்டின பிறகு மண்ணு வந்துச்சுன்னா?"

"வந்தா ரெண்டு பேரும் சேந்து அழுவோம். இப்ப நான் மட்டும்தானே அழுறேன்."

மரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் இத்தனை நாள் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை பார்மசிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய் என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கினேன். அங்கிருந்தவர் என்னை அடையாளம் கண்டு, நேற்றுத்தானே உங்களுக்கு விருது கொடுத்தார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். மரத்துக்கு என்ன குறை என்றார். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை, பக்கத்து வீட்டில் மனுஷி தூங்குவதில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பொன்னாடையைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

பலகை வைப்பவர்கள் வருவதற்கு முந்தி வெட்டுபவர்கள் வந்துவிட்டார்கள். மேலேயிருந்து கொப்புக் கொப்பாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். குருவிகள் மதியம்வரை கத்திக்கொண்டு சுற்றின. ராத்தா மதிலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"செல்லிட்டா அழக்கூடாதா?" என்று என்னிடமே சீறினார்.

எங்கள் குழுவில் இருந்த இரண்டு பேர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. விருது வாங்கிக்கொண்டு மரத்தை விற்றுவிட்டேனாம். நல்ல மனிதர்கள்தான், கானுக்குள் இறங்கி என்னோடு சேறு அள்ளியவர்கள். அவர்கள் சொல்வது பிழை என்று வாதாடவும் முடியவில்லை, சரி என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. வேலை முடிந்து வந்து கதிரையைப் போட்டால் நேரே முகத்தில் வெயில். எங்கே நகர்த்திப் போடுவது என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன், பிறகு உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்.

இந்த வாரம் மழை தொடங்கிவிட்டது. நேற்றுக் காலை ராத்தா மதிலுக்கு மேலால் எட்டி, வெகு காலத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கியதாகச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது. எனக்கும் மனம் குளிர்ந்தது, சந்தோஷம் என்று சொன்னேன். முதல்நாள் இரவு முழுக்க, மேட்டுப் பக்கத்து அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மண் அசையும் சத்தம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல், அது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.